கணினியில் வைத்தது எத்தனை காலம் இருக்கும்?

பழைய பத்திரிகைச் செய்தியொன்றைத் தேடிச் செல்லும் எவருக்கும் ஒரு விசித்திரம் விரைவிலேயே புலப்படும். 1930களில் வெளிவந்த ஈழகேசரியின் இதழ்கள் பலவற்றை இன்று வீட்டிலிருந்தபடியே புரட்டிப் பார்க்கலாம். ஈயத்தில் வார்த்த எழுத்துகளைக் கையாற் கோத்து, தாளில் அச்சிட்டு, யாரோ ஒருவர் கட்டி வைத்ததை, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தின் தொண்டர்கள் மின்வருடி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு அறுபது, எழுபது ஆண்டுகள் பின்னர் எழுதப்பட்டவற்றின் கதை வேறு. கணினியில் தட்டெழுதி, கணினியில் பக்கம் அமைத்து, கணினியிலேயே பத்திரப்படுத்தி வைத்ததாகச் சொல்லப்பட்ட 1990களின் செய்திகளைக் கேட்டுப் போனால், பெரும்பாலும் கிடைப்பது தூசு படிந்த இறுவட்டுப் பெட்டியும் கையை விரிக்கும் ஒரு பணியாளரும்தான்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. "எல்லாம் கணினியில் இருக்கிறதே" என்ற நம்பிக்கையில் பல அலுவலகங்கள் தாள்களை ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கும் வழக்கத்தையே கைவிட்டன. இட நெருக்கடி, கறையான், வாடகை என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில், ஓர் அறை நிறைய இருந்த கட்டுகளை அகற்றி அவ்விடத்தில் ஓர் அலுமாரியை வைத்தார்கள். அலுமாரியினுள் இறுவட்டுகள். அந்த மாற்றத்தை முன்னேற்றம் என்று வர்ணித்து நிர்வாகம் சிறியதொரு தேநீர் விருந்தும் அளித்தது. சில ஆண்டுகளின் பின்னர் தேர்தல் முடிவொன்றைச் சரிபார்ப்பதற்காக அந்த அலுமாரியைத் திறந்தபோது, எடுத்த இறுவட்டுகளில் அரைவாசிக்கு மேற்பட்டவற்றைக் கணினி படிக்க மறுத்தது. தேர்தல் முடிவை வேறிடத்தில் பெற்றுக்கொள்ளலாம். பெறவே முடியாதவையும் அந்த இறுவட்டுகளில் இருந்தன.

எவை என்று சொல்லியாக வேண்டும். 1996இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் கைதான பின் காணாமற் போனார்கள். அதற்கு முன்னரும் பின்னரும் வடக்கிலும் கிழக்கிலும் நடந்தவை அநேகம். அவற்றில் மிகப்பல பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கைந்து வரிகளாக மட்டுமே வெளிவந்தன. இன்ன கிராமம், இன்ன நாள், சுற்றிவளைப்பு, இத்தனை பேர், இன்னாரின் மகன் வீடு திரும்பவில்லை. அந்த நான்கு வரியைக் கத்தரித்துப் பொலித்தீன் உறையில் இட்டு, ஆணைக்குழு ஆணைக்குழுவாகக் கொண்டு திரிந்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தின் முன்னாலும் அதே துண்டுகள் நீட்டப்பட்டன. துண்டு தொலைந்த தாய்க்கு மூலப்பிரதியைத் தேடிக் கொடுக்க வேண்டிய கடமை பத்திரிகைக்கு உண்டு என்பது என் கருத்து. அந்தக் கடமையைச் செய்ய இயலாத நிலையில் நம்மை வைத்திருப்பது போர் மட்டுமன்று. கணினி ஒரு பொருளை எவ்வாறு வைத்திருக்கிறது என்பதைப் பற்றிய அறியாமையும் அதற்குக் காரணம்.

வன்தட்டொன்றைத் திறந்து பார்த்தால் அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டுகள் இருக்கும். அவற்றின் மேல் மிக மெல்லிய காந்தப் படலம் ஒன்று. படலத்தின் நுண்ணிய பகுதிகளைக் குறித்த திசைகளில் காந்தமாக்குவதன் மூலம் ஒன்றும் பூச்சியமும் எழுதப்படுகின்றன. 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டு இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுடைய தட்டுகள் 50 இருந்தன. அறையின் ஒரு மூலையையே அடைத்துக்கொண்ட அந்த இயந்திரம் கொண்டது 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அது போதாது. பகுதிகளைச் சிறிதாக்கிச் சிறிதாக்கியே இந்தப் பெருக்கம் வந்தது. அளவுக்கு மீறிச் சிறிதானால், அறையின் வெப்பமே காந்தத் திசையைக் குலைத்துவிடும். பொறியியலாளர்கள் அந்த எல்லையோடு மல்லுக்கட்டியபடியேதான் முன்னேறுகிறார்கள். காந்தம் ஒருபுறமிருக்க, சுழலும் அச்சும் அசையும் கரமும் தேய்கின்றன. ஆயிரக்கணக்கான வன்தட்டுகளை இயக்கும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கணக்கை ஒழுங்காக வெளியிடுகிறது. அண்மைய ஆண்டுகளில் வருடமொன்றுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு தட்டுகள் செத்துப் போகின்றன. நூறு தட்டு வைத்திருப்பவருக்கு இது சிறிய எண். ஒரேயொரு தட்டு வைத்திருப்பவருக்கு அது குருட்டு அதிர்ஷ்டம்.

பென் ட்ரைவ், கைத்தொலைபேசி, புதிய மடிக்கணினி ஆகியவற்றில் உள்ளது வேறு முறை. 1984இல் ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த பூஜியோ மசுவோகா உலகுக்கு அறிமுகப்படுத்திய பிளாஷ் நினைவகம் அது. நாற்புறமும் காப்பிடப்பட்ட நுண்சிறையொன்றினுள் மின்னேற்றத்தை அடைத்து வைப்பது அதன் தத்துவம். சிறைச்சுவர் பூரணமானதன்று, மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும். எத்தனை தரம் எழுதி அழித்தோமோ அத்தனைக்குச் சுவர் நலிவடையும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். இத்துறையின் தரங்களை வகுக்கும் ஜெடெக் என்ற அமைப்பு, தன் எழுத்தாயுளை முடித்துவிட்ட சாதாரண பாவனைக்குரிய திண்மத் தட்டொன்று, மின் இணைப்பின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவை வைத்திருந்தாற் போதும் என்கிறது. புதிய தட்டு அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்பது உண்மையே. ஆயினும் குடும்பப் படங்களையெல்லாம் ஒரு பென் ட்ரைவில் போட்டு, நகைப்பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவோர், அந்தப் பெட்டியின் உள்ளே எங்கள் நாட்டு வெக்கையும் இருக்கிறது என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

எங்கள் அலுமாரியில் இருந்த இறுவட்டுகளுக்கு என்ன நேர்ந்தது? தொழிற்சாலையில் அச்சடித்து வரும் பாட்டு இறுவட்டில் தகவல் பள்ளங்களாகப் பதிந்திருக்கும். நாம் வீட்டிலோ அலுவலகத்திலோ எழுதும் இறுவட்டில் பள்ளம் கிடையாது. ஒரு சாயப் படலத்தை லேசர் கதிர் சுட்டு நிறம் மாற்றுகிறது. சாயம் என்றால் வெளிறும். வெயிலும் ஈரப்பதமும் அதற்கு எமன். போதாக்குறைக்கு, மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் இறுவட்டைத் தின்னும் பூஞ்சணம் கண்டுபிடிக்கப்பட்டதாக 2001இல் ஒரு செய்தி வந்தது. ஓலையைத் தின்னச் செல் இருந்தது, தாளைத் தின்னக் கறையான் இருந்தது, இதற்கும் ஒன்று வராமலா போகும் என்று அப்போது அலுவலகத்தில் சிரித்தோம்.

பொருள் அழிவதைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான். பொருள் அழியாமல் இருக்கும்போதே உள்ளடக்கம் தொலைவது இன்னும் கொடியது. 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நாசா, சந்திரனைச் சுற்றிவர ஐந்து விண்கலங்களை அனுப்பியது. அவை எடுத்த படங்கள் காந்த நாடாக்களில் பதிவாகின. நாடாக்கள் கெடவில்லை. அவற்றைப் படிக்கும் இயந்திரம்தான் உலகத்திலிருந்து மறைந்துவிட்டது. நான்சி எவன்ஸ் என்ற பெண்மணி நாடாக்களை வீச விடாமல் தடுத்ததோடு, கழிக்கப்பட்ட இயந்திரங்களையும் தன் வீட்டுக் கார்க் கொட்டிலில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்தார். 2008இல், கைவிடப்பட்ட ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகத்தினுள் அந்த இயந்திரங்களைச் செப்பனிட்டு, சந்திரனின் விளிம்பிலிருந்து பூமி தெரியும் 1966ஆம் ஆண்டின் படத்தை முன்னெப்போதும் கண்டிராத தெளிவில் மீட்டெடுத்தார்கள். அப்பலோ 11இன் கதை இப்படி முடியவில்லை. 1969இல் மனிதன் சந்திரனில் நடந்த காட்சியின் தரமான மூலப்பதிவைக் கொண்டிருந்த நாடாக்கள், நாடாத் தட்டுப்பாட்டின் காரணமாகப் பின்னாளில் அழித்து மறுபடியும் பயன்படுத்தப்பட்டன என்ற முடிவுக்கு நாசா 2009இல் வந்தது. சந்திரனுக்குப் போக வல்ல அமைப்புக்கே இக்கதி.

பிரித்தானியாவின் கதை இன்னும் வேடிக்கையானது. 1086இல் மன்னன் வில்லியமின் ஆணைப்படி அந்நாட்டின் நிலபுலங்களைப் பதிந்த டூம்ஸ்டே புத்தகத்தின் 900ஆவது ஆண்டு நிறைவையொட்டி, பிபிசி 1986இல் ஒரு நவீன டூம்ஸ்டேயைத் தயாரித்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள். இரண்டு லேசர் வட்டுகளில் எல்லாம் அடங்கின. பதினைந்து ஆண்டுகளில் அந்த வட்டைப் படிக்கும் கருவி அரும்பொருளாகிவிட்டது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பழைய கணினியைப் போலப் பாவனை செய்யும் மென்பொருளொன்றை எழுதித்தான் 2002இல் அதைத் திறக்க முடிந்தது. ஆட்டுத்தோலில் மையால் எழுதிய 1086ஆம் ஆண்டின் மூலமோ இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இன்றும் படிக்கத்தக்க நிலையில் இருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். இங்கேதான் மற்றவர்களுக்கு இல்லாத ஓர் இடரும் நமக்கு இருக்கிறது.

1990களில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பெரும்பாலும் பாமினி என்ற எழுத்துருவோ அதன் வழிவந்த எழுத்துருக்களோ பயன்பட்டன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டெழுதினால் திரையில் தமிழ் என்றே தெரியும். கணினியின் வயிற்றுக்குள் பதிவாவதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஜே என்ற எழுத்துக்குத் 'த' என்ற முகமூடியையும், கே என்பதற்கு 'ம' என்ற முகமூடியையும் எழுத்துரு அணிவித்தது. முகமூடி உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரல்களுக்கு வசதியாக அமைந்ததால் அது பரவியது. அதை அமைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வசதி இல்லாதிருந்தால் அந்நாட்களில் பல பத்திரிகைகள் வெளிவந்தே இருக்க மாட்டா. மின்சாரமும் அச்சுத்தாளும் இல்லாமல் கோடிட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அடித்த காலம் அது. ஐம்பது ஆண்டுக்குப் பின்னர் யார் படிப்பார்கள் என்று யோசிக்கும் நிலையில் எவரும் இருக்கவில்லை.

யூனிகோட் குறியேற்றத்தின் முதலாவது பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே அது சாதாரண பாவனையாளரின் மேசைக்கு வந்தது. இடைப்பட்ட பத்து ஆண்டுகளிலும் அதற்குப் பின்னர் பத்திரிகை நிறுவனங்கள் பழக்கத்தை விடாதிருந்த மேலும் சில ஆண்டுகளிலும் பாமினி, திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு வழியில் எழுதினோம். போதாததற்குச் சில அலுவலகங்கள் பாமினியை வாங்கித் தமக்கு வேண்டியபடி இரண்டு மூன்று எழுத்துகளை இடம்மாற்றி வைத்துக்கொண்டன. அந்த மாற்றத்தைச் செய்த இளைஞர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது.

"அதற்குத்தான் எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றனவே" என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கின்றன. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி நம்மவருக்குச் செய்த உதவி அளப்பரியது. மதுரைத் திட்டத்தார் 1998 பொங்கலன்று தொடங்கிய தமிழ் நூல் தொகுப்பை, காலத்துக்கேற்பக் குறியேற்றம் மாற்றி மாற்றி யூனிகோடுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் இத்தகைய மாற்றிகளால்தான். ஆனால் பத்திரிகைப் பக்கம் ஒரு செய்யுள் நூல் அன்று. செய்தியின் நடுவே ஆங்கிலத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் வரும். ஒரு வெளிநாட்டவரின் பெயர் வரும். பக்கத்தில் அது வேறு எழுத்துருவில் இருந்ததால் ஆங்கிலமாகவே தெரிந்தது. எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து மாற்றியில் இட்டால், அந்த ஆங்கிலமும் தமிழ் உளறலாக மாறிவிடும். எது ஆங்கிலம், எது பாமினி என்பதைச் செய்தியின் பொருளறிந்த ஒருவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். பக்கங்கள் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் அமைக்கப்பட்டவை. 2001இல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு அதன் வரிசை முடிந்துவிட்டது. முதற்பக்கச் செய்தியின் தொடர்ச்சி எட்டாம் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் அந்தக் கோப்புக்கு உள்ளேதான் கிடக்கிறது.

பீடிஎப் ஆக மாற்றி வைத்தவர்கள் சற்றுப் புத்திசாலிகள். எழுத்துருவும் உள்ளேயே பொதிந்திருப்பதால் பக்கம் அச்சொட்டாகத் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயரைத் தேடிப் பாருங்கள், அகப்படாது. கண்ணுக்குத் தமிழாகவும் தேடுபொறிக்கு ஜே, கே, பி, ஓ ஆகவும் அது இருக்கிறது. பத்தாயிரம் பக்கங்களில் தன் மகனின் பெயரைத் தேடும் ஒருவருக்கு அது பூட்டிய வீடு.

"இப்போதுதான் மேகக் கணினி வந்துவிட்டதே, கூகுள் பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த வாதம். கூகுளும் அமேசனும் வைத்திருப்பதும் இதே சாகும் வன்தட்டுகளைத்தான். வித்தியாசம், அவை சாகும் என்று தெரிந்தே அவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு தரவும் பல துண்டுகளாக்கப்பட்டு, சில துண்டுகள் தொலைந்தாலும் மற்றவற்றிலிருந்து கணித்து மீட்கக்கூடிய மேலதிகத் துண்டுகளோடு வெவ்வேறு தட்டுகளில் இடப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. இயந்திரம் ஓயாமல் அந்த எண்ணைக் கணித்துப் பார்த்து, பிசகிய துண்டைக் கண்டால் புதிதாக எழுதிக்கொள்ளும். மிகப்பெரிய தொகுப்புகளுக்கு இன்றும் காந்த நாடாவே மலிவானது. முப்பது ஆண்டு இருக்கும் என்று அதன் உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். நாடா இருக்கும், 2000இல் தொடங்கிய எல்ரீஓ நாடா வரிசையில் 2025இல் வந்த பத்தாம் தலைமுறை இயந்திரமோ அதற்கு முந்திய எந்தத் தலைமுறை நாடாவையும் படிக்காது. ஆகவே நாடா வைத்திருப்போரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நாடாவுக்குப் பெயர்த்தெழுதியே ஆகவேண்டும்.

அந்த உழைப்புக்கு யாரோ பணம் கட்டுகிறார்கள். கட்டுவது நின்றால் காப்பதும் நிற்கும். யாகூ நிறுவனம் 2009இல் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது தமிழர்கள் அங்கே கட்டியிருந்த பக்கங்களும் போயின. மைஸ்பேஸ் தளத்தில் 2015 வரை ஏற்றப்பட்ட ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் இடமாற்றத்தின்போது தொலைந்தன என்பது 2019இல் தெரியவந்தது. இரண்டு ஆண்டுகள் எவரும் நுழையாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசெம்பரில் தொடங்கியது. காலமாகிவிட்ட எழுத்தாளரொருவரின் மின்னஞ்சற் பெட்டியில் அவருடைய கடைசி நாவல் இருந்தால், குடும்பத்தவர்க்கு இருப்பது இரண்டு ஆண்டு அவகாசம்.

அரசாங்கங்களும் விதிவிலக்கல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினியைக் கப்பம் கோரும் தீநிரலொன்று தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவு மீளவில்லை. அந்தக் காலப்பகுதிக்கு, இணைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி இருக்கவில்லை. ஏழை நாடு, வசதியில்லை என்று சமாதானம் சொல்லலாம். 2025 செப்ரெம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலங்களிலிருந்து மூண்ட தீயில், அரச ஊழியர்கள் பயன்படுத்திய 858 டெராபைட் தரவு எரிந்து போனது. அதற்கும் வெளியில் பிரதி இல்லை. பிரதியெடுக்க முடியாத அளவுக்கு அது பெரிதாக இருந்தது என்று விளக்கம் சொல்லப்பட்டது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பங்கைத் தயாரிக்கும் நாடு அது.

தீயைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்தவர் எவரும் 1981ஐ நினையாமல் இருக்க முடியாது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. அங்கே எரிந்தவற்றில் எவற்றுக்கு வேறோர் ஊரில் வேறொரு பிரதி இருந்ததோ அவை இன்று கிடைக்கின்றன. ஒரேயொரு ஏடாக இருந்தவை கிடைக்கவில்லை. கணினி வந்ததால் இந்த விதி மாறிவிடவில்லை. பிரதி எடுக்கும் செலவு மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. எடுக்காமல் இருப்பதற்கான நியாயமும் அந்தளவுக்குக் குறைந்திருக்க வேண்டும்.

நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தார்கள். ஓலை நிலையானது என்று அவர்கள் நம்பவில்லை. சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுத ஆளில்லாத நூல் மறைந்தது. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம்பிள்ளை ஊரூராக ஏடு தேடி 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும் அப்படியொரு பெயர்த்தெழுதலே, ஓலையிலிருந்து தாளுக்கு. எழுத்து மாறியிருந்த இடங்களையும் சிதைந்திருந்த இடங்களையும் வாசித்தறியும் புலமை அவரிடம் இருந்தது. பாமினிக் கோப்புகளுக்கும் இன்று அவரைப் போன்ற சிலர் தேவைப்படுகிறார்கள். வேறுபாடு, அந்தப் புலமை உள்ளவர்கள் நம்மிடையே இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 1990களில் பக்க வடிவமைப்பாளர்களாக இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வயது. எந்தப் பத்திரிகை எந்த ஆண்டில் எந்த எழுத்துருவுக்கு மாறியது என்பது அவர்களுடைய தலையில் மட்டுமே இருக்கிறது.

கண்ணாடியில் எழுதும் முறையை மைக்ரோசொப்ட் பரிசோதிக்கிறது. மரபணு மூலக்கூற்றில் எழுதும் ஆராய்ச்சியும் நடக்கிறது. நல்லது. கிட்ஹப் நிறுவனம் 2020இல் உலகின் மென்பொருள் மூலநிரல்களை நோர்வேயின் சுவால்பார்ட் தீவில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கமொன்றினுள் பத்திரப்படுத்தியபோது தேர்ந்தெடுத்தது படச்சுருளை. இவையெல்லாம் நம் பத்திரிகை அலுவலகத்து அலுமாரிக்கு வந்து சேரும் வரையில் பாமினி காத்திருக்காது.

பத்திரிகை உரிமையாளர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று. உங்கள் பழைய கோப்புகளை எவருக்கும் இலவசமாகத் திறந்துவிடுமாறு நான் கேட்கவில்லை. அவை உங்கள் சொத்து என்பதை ஏற்றுக்கொள்கிறேன். போர்க்காலச் செய்திகளில் பெயரும் படமும் வந்தவர்கள் பலர் இன்னும் அச்சத்தோடு வாழ்கிறார்கள் என்பதால், எல்லாவற்றையும் தேடுபொறியில் கொட்டுவது ஆபத்தாகவும் முடியலாம். அக்காலத்தில் பாதுகாப்புக் கருதித் தம் வன்தட்டுகளைத் தாமே அழித்த ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்கள் செய்தது சரியே. ஆனால் காப்பது வேறு, வெளியிடுவது வேறு. பூட்டிய நிலையிலேனும் மூன்று பிரதிகள், மூன்று ஊர்களில், அவற்றுள் ஒன்று நாட்டுக்கு வெளியே. எழுத்து யூனிகோடில். ஒருமுறை இடம் ஒதுக்கப்பட்ட எழுத்தை யூனிகோட் ஒருபோதும் இடம்மாற்றுவதில்லை என்ற உறுதி அதற்கு இருக்கிறது. நம் பழைய எழுத்துருக்கள் எவற்றுக்கும் அது இருந்ததில்லை. அச்சிட்ட பத்திரிகையின் பிரதி கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். போர்க்காலத்தில் வடக்கில் வெளியான இதழ்கள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன என்று நம்புவதற்கில்லை. ஆகவே அங்கே இருக்கும் என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் நிலக்கீழ் அறைகளில் பழைய பெட்டிகளை வைத்திருப்போருக்கு வேறொன்று. புலம்பெயரும்போது எடுத்துச் சென்ற நெகிழ்தட்டுகள் உங்களிடம் இருக்கலாம். 1.44 மெகாபைட் கொள்ளும் அந்தத் தட்டின் விற்பனையைச் சொனி நிறுவனம் 2011இல் நிறுத்திவிட்டது. ஆனால் அதைப் படிக்கும் கருவியைச் சிறிய விலைக்கு இன்னும் வாங்கலாம். தட்டைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் படலம் உரசும். முதற் தடவையிலேயே கோப்பு கோப்பாக அல்லாமல், முழுத் தட்டையும் அப்படியே ஒரே பிரதியாக எடுத்துவிடுங்கள். அந்தக் கணினியில் இருந்த எழுத்துருக் கோப்பு அகப்பட்டால், வேண்டாத பொருளென்று அழித்துவிடாமல் அதே பிரதியோடு சேர்த்து வையுங்கள். அதன்மேல் ஆண்டு, பத்திரிகையின் பெயர், எழுத்துருவின் பெயர், முடிந்தால் தட்டெழுதியவர் யார் என்பது, நான்கையும் ஒரு தாளில் பேனாவால் எழுதி ஒட்டுங்கள்.